பவளை எங்கிருந்து பார்ப்பது?

கடந்த மாத ஒன்றுகூடலில், நண்பரொருவர் மரத்தில் செய்த 'பவள்' கவசவாகனம் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. பதினாறில் ஒரு பங்கு அளவு. நீளம் 32 சென்ரிமீற்றர். இரண்டு குளிர்காலங்கள் செலவழித்தாராம். இடப்பக்கம் சாரதிக் கூண்டு, அதனருகே எஞ்சின், பின்னால் முதுகோடு முதுகாகப் பத்து இருக்கைகள். இருக்கைப் பட்டிகள்கூட உண்டு. வேலைப்பாட்டில் குறை காண எனக்குத் தகுதியில்லை. அந்த நுணுக்கம் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

பவள், தென்னாபிரிக்க நிறவெறி அரசின் படைகளுக்காக உருவான வாகனம். யுனிமொக் லொறியின் அடிச்சட்டத்தின் மேல், கண்ணிவெடியின் வீச்சு இருபுறமும் சிதறிப்போகும்படி ஆப்பு வடிவில் அடிப்பகுதி அமைத்தார்கள். தென்னாபிரிக்காவிடம் ஆயுதம் வாங்க வேண்டாமென 1984 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை கேட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் எண்பதுகளில் பவள் இலங்கைக்கு வந்தது. அருகிலிருந்த அட்டையிலோ மரத்தின் பெயரும் அளவும் மட்டுமே இருந்தன. "இது எங்கட வாகனமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பின்னாளில் புலிகள் கைப்பற்றிய பவள்களும் இருந்தமையால், அது மிக நியாயமான கேள்வி. நின்ற பெரியவர்கள் எவரும் பதில் சொல்லவில்லை. நானுந்தான்.

இன்னொன்று. மாதிரி இடுப்பளவு மேசையில் இருந்தது. திறந்த மேற்புறத்தினூடாக வெற்று இருக்கைகளைக் குனிந்து பார்த்து வியந்தோம். அந்த இருக்கைகள் வெளிப்புறம் நோக்கியவை. அவற்றிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்தபடி போனார்கள். 1986இல் வவுனியாவில் ஒரு மதகின் கீழிருந்து நான் கண்டது சில்லுகளையும் அந்த ஆப்பு வயிற்றையுந்தான். இங்கே அந்த வயிறு, மினுக்கிய பலகையின் மேல் ஒளிந்து கிடக்கிறது. வீதி இல்லை, வீதியோரத்தில் நின்றவர்களும் இல்லை.

இதை நண்பரிடமே சொன்னேன். "மச்சான், ஒருக்காவாவது அதை மேலயிருந்து பாக்கோணுமெண்டுதான் செய்தனான்" என்றார்.

அந்தப் பதில் என்னை வாயடைக்க வைத்தது. பயந்த ஒன்றைக் கைக்கடக்கமாக்கிப் பார்ப்பது அவருடைய உரிமை; அவருக்கு அது மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் பொதுப் பார்வைக்கு வைத்தபின் அது அவருடையது மட்டுமல்ல. அச்சத்தை அறியாத பிள்ளைக்கு அது ஓர் அழகான விளையாட்டுப் பொருள்.

அடுத்த முறை மாதிரியைத் தலைக்கு மேலே உயர்த்தி வையுங்கள். அட்டையில் அது எங்கிருந்து வந்தது, யாரை ஏற்றியது, யார் ஒளிந்தார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். எழுத நானும் வருகிறேன்.