பாதி மெருகின் அழகு

தர்மபுரி வட்டாரத்துப் புதிய கற்காலக் கோடரிகளில் மேலானவை முழுக்க மெருகேறியவை அல்ல. வெட்டுவாயும் அதையொட்டிய கன்னங்களும் மட்டும் மெருகேறி, கூம்பிய பின்முனை கொத்திய புள்ளிகளோடு சொரசொரப்பாக விடப்பட்டவையே மேலானவை. முழு மெருகு கண்ணுக்கு இதம் என்பது உண்மைதான். ஆனால் பாதி மெருகில்தான் செய்தவரின் கணக்கு தெரிகிறது.

நைஸ் பாறைகளுக்கிடையே சுவர்போல ஓடும் டோலரைட் கருங்கல்தான் மூலப்பொருள். சில்லு பெயர்த்து உருவம் வருவித்து, மேடுகளைக் கொத்திச் சமப்படுத்தி, மணலும் நீரும் விட்டுப் பாறையில் தேய்ப்பார்கள். தேய்ப்பை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தேர்ச்சி. சொரசொரப்பான பின்முனை மரக்காம்பில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். மெருகேறிய வாய் மரத்தில் சிக்காமல் இறங்கும். வாயை நேரெதிரே வைத்துப் பார்த்தால் இருபுறமும் ஒரே அளவில் உப்பிய வளைவு தெரியும். ஒரு மூலை கூடுதலாகத் தேய்ந்திருந்தால், வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது என்பதையும் ஊகிக்கலாம்.

எகிப்துக் கல்லாயுதங்களை ரசிப்பவர்கள் நார்மர் மன்னனின் கதாயுதத் தலையைக் காட்டுவார்கள். ஹைராகோன்போலிசில் 1897–98 அகழாய்வில் கிடைத்து, இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுண்ணாம்புக்கல்லில் அரச விழாவே செதுக்கப்பட்டிருக்கிறது. சிற்பமாக அது பெரிது. ஆயுதமாக அது சடங்குப் பொருள். தர்மபுரி அகழ்வைப்பகத்திலும் சிற்பத்துக்கும் கருவிக்கும் இடையே இதே போட்டி உண்டு. பார்வையாளர்கள் நடுகற்களின் முன்தான் நிற்கிறார்கள். அங்கே வில்லும் வாளும் ஆயுதத்தின் படங்கள், கற்கோடரியோ கருவியேதான்.

நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சேலம் பக்கத்துச் சேர்வராயன் மலைக் கோடரிகளை ஆர்வத்தோடு தொகுத்தார். அவருடைய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. பின்னர் 1960களில் பையம்பள்ளியிலும், 2004–05இல் தர்மபுரி மாவட்டத்து மோதூரிலும் நடந்த அகழாய்வுகள் இக்கருவிகளை அவற்றின் மண்ணடுக்கோடு காட்டின.

அந்த அக்கறை காட்சி முறையில் தொடரவில்லை. பல காட்சிக்கூடங்களில் கோடரி படுக்கையாகக் கிடக்கிறது. வாயின் வளைவு கண்ணில் படுவதில்லை. ஊர்க் கோயில்களில் இவற்றைச் சாமிக்கல்லாக வைத்துக் கும்பிடும் வழக்கம் கல்லைக் காத்திருக்கிறது. புது மேடை கட்டி சிமெண்டில் பதித்துவிட்டாலோ பாதிக் கல் மறைந்துவிடும். காட்சிக்கூடத்தில் கோடரியை வாய் மேலாக நிறுத்தி, பக்கவாட்டில் ஒளி விழச் செய்தால் போதும். மெருகு முடிந்து கொத்து தொடங்கும் எல்லை தெளிவாகத் தெரியும்.