திரைச்சீலையும் கொறங்காடும்

படிமம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், நம் வீட்டு ஆசாரத்துச் சுவரில் தொங்கும் பிம்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. குடும்பப் புகைப்படம் விமர்சனத்துக்கு உரிய வஸ்து இல்லை என்கிற எண்ணம் போலும். ஆனால் ஒரு மனிதன் எந்த இடத்தில் நின்று தன்னைப் படமெடுத்துக்கொள்ள விரும்புகிறான் என்பதில், தன்னை அவன் எங்கே வைத்துப் பார்க்கிறான் என்கிற தீர்மானம் இருக்கிறது. அதை அவன் வாயால் சொல்வதில்லை. படம் சொல்லிவிடுகிறது.

வெள்ளகோவிலை எடுத்துக்கொள்வோம். கரூர்–கோவை சாலையில் விசைத்தறியும் எண்ணெய் ஆலையும் முருங்கைக்காயுமாகப் பிழைக்கிற ஊர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், காற்றாலைகள். இங்கே ஒரு கல்யாணம் நிச்சயமானால் ‘அவுட்டோர்’ படத்துக்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கார் கிளம்புவது சகஜமாகிவிட்டது. தூரம் போக முடியாதவர்கள் யாருடையதோ ஒரு ரிசார்ட்டின் புல்தரையில் நிற்கிறார்கள். மழைமறைவுப் பிரதேசத்து மனிதர்கள், கொட்டும் பச்சைக்கு முன்னால்.

இதைக் கண்டு நமக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலைக் கொஞ்சம் பரிசீலிக்க வேண்டும்.

பழைய ஸ்டூடியோக்களில் திரைச்சீலை இருந்தது. மாடிப்படி, தூண், ஏரி, ஏரிக்கு அப்பால் ஒரு மாளிகை. சிமெண்டுத் தரையும் திரையின் மடிப்பும் படத்திலேயே தெரியும். அது பொய் என்று எடுத்தவனுக்கும் தெரியும், எடுத்துக்கொண்டவனுக்கும் தெரியும். மத்தியப் பிரதேசத்து நாக்தாவின் ஸ்டூடியோக்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பின்னி (அவருடைய ‘கேமரா இண்டிகா’ 1997இல் வந்தது), அங்கே மக்கள் தேடியது தாங்கள் யார் என்பதன் பதிவை அல்ல, தாங்கள் யாராகவும் இருக்கக்கூடும் என்பதன் சாத்தியங்களை என்கிறார். இது நாக்தாவுக்கு மட்டுமான உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. திரைச்சீலை ஒரு ஒப்பந்தம். அதில் ஏமாற்றப்பட்டவர் யாரும் இல்லை.

காமிரா வெளியே வந்தபோது இந்த ஒப்பந்தம் முறிந்தது. 1977இல் ‘16 வயதினிலே’ வந்ததும், தமிழ் சினிமா ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டதென்று கொண்டாடினோம். போனது வாஸ்தவம். ஆனால் அதற்குப் பின் வந்த எத்தனையோ படங்களில் கிராமமே ஒரு செட்டாக ஆகிப்போனது. குடும்பப் புகைப்படத்திலும் நடந்தது இதுதான். நிஜ மரம், நிஜ நீர், நிஜ வெயில். எல்லாம் சேர்ந்து மீண்டும் ஒரு திரைச்சீலை, அது திரை என்கிற பிரக்ஞை மட்டும் இல்லாமல்.

எதிர்த்திசையில் ஒரு வியாதி உண்டு. நகரத்திலிருந்து வருகிற ‘மண்வாசனை’ப் படக்காரர் அதே குடும்பத்தைக் காங்கேயம் காளைக்குப் பக்கத்திலும், ஓடு சரிந்த வீட்டு முன்னும், காற்றாலை இறக்கைக்குக் கீழும் நிறுத்துவார். வெள்ளகோவிலுக்குப் பக்கத்து வட்டமலைக்கரை ஓடை அணை பல ஆண்டுகள் நீரின்றிக் கிடந்தது. அந்த வெடித்த படுகை அவருக்கு நல்ல ‘டெக்ஸ்சர்’. ஆயக்கட்டுக்காரனுக்கு அது விதைக்காமல் விட்ட போகங்களின் கணக்கு. வட்டார இலக்கியம் என்ற பெயரில் நம்மிடையே உலவும் எழுத்தில் பாதி இந்தப் படக்காரரின் வேலைதான். பேச்சுவழக்கு, பதார்த்தப் பெயர்கள், இரண்டு மரங்கள் – எல்லாம் இருக்கும். நிலம் இருக்காது.

தாராபுரம் வட்டத்துக் கீரனூர்க்காரரான ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) ஏன் இன்னும் நிற்கிறது? அதில் நிலம் பின்னணி இல்லை. பாகம் கேட்கிற ஒரு விதவையின் சண்டையே நிலம்தான். அதை உருவி எடுத்துவிட்டால் கதை விழுந்துவிடும். ஒரு புகைப்படத்துக்கும் இந்தச் சோதனையை வைத்துப் பார்க்கலாம். பின்னால் இருப்பதை மாற்றினால் முகம் மாறுமா? மாறாதென்றால் அந்த இடம் அங்கே தேவையில்லை.

நம் பழைய இலக்கணம் இதை அறிந்திருந்தது. முதற்பொருளும் கருப்பொருளும் இருந்தால் போதாது, உரிப்பொருள் வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று சிலம்பு சொல்லும்போது, நிலம் என்பது ஒரு நிலையும்கூட என்றாகிறது. ரிசார்ட் புல்தரையில் கருப்பொருள் ஏராளம். அங்கே ஒழுக்கம் எது?

சித்தாந்தம் போகட்டும், வெளிச்சத்துக்கு வருவோம். வெள்ளகோவில் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல். முகூர்த்தம் முடிந்து பத்து பதினொரு மணிக்கு வெட்டவெளியில் நிறுத்தினால் கண்குழிகள் கருத்துப்போகும், மூக்கு நிழல் உதட்டில் விழும். மாலையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மஞ்சள் ஒளி ஐரோப்பாவில்போல நீண்டு நிற்பதில்லை. வெள்வேல மரத்து நிழலும் முருங்கை நிழலும் சல்லடை நிழல், முகத்தில் புள்ளி விழும். புளியும் வேம்பும் மேல். எல்லாவற்றையும்விட நல்லது வாசல்: திண்ணையின் விளிம்பு, வடக்குப் பார்த்த தறிக்குடோனின் கதவடி. பின்னால் இருட்டு, முன்னால் வெளி, முகத்தில் மென்மையான வெளிச்சம். சாயங்காலக் கொறங்காட்டில் கிளுவை வேலியோரம் நின்றால் காய்ந்த கொழுக்கட்டைப் புல் கீழிருந்து ஒளியைத் திருப்பித் தரும். இதற்கெல்லாம் ஊட்டி வேண்டியதில்லை.

ஆனால் வெளிச்சத்துக்கு மனசாட்சி கிடையாது. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குப் பதில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது விவகாரம். அந்த நீரும் அந்தி வெளிச்சத்தில் தகதகக்கத்தான் செய்யும். அதன்முன் நிற்கும் குடும்பம் அழகாகத்தான் விழும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதைக் கண்ணிடம் மட்டும் விட முடியாது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அப்படியானால் இடத்தையே துறந்துவிடலாமா? ரிச்சர்ட் அவடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்கில் சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் வெளியில்தான் எடுத்தார், ஆனால் வெள்ளைக் காகிதத்துக்கு முன் நிறுத்தி. நிலத்தை முகத்திலேயே தேடு என்கிற பிடிவாதம் அது. ஆகுஸ்ட் ஸாண்டர் 1914இல் எடுத்த மூன்று இளம் விவசாயிகள் வேறு வகை. கோட்டுப் போட்டு நடனத்துக்குப் போகிறவர்கள், ஒரு மண்பாதையில் திரும்பிப் பார்க்கிறார்கள். ஜான் பெர்ஜர் அந்தக் கோட்டுகளைப் பற்றி எழுதினார். எனக்கு அந்தப் பாதை முக்கியம். அது அவர்கள் போகிற வழி. அவர்கள் உடம்புக்கு அங்கே நிற்கத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். நாளெல்லாம் தறிச்சத்தத்தில், பஞ்சுத் தூசியில் நிற்கிற பெண்ணைத் தறிக்கு முன்னால்தான் நில் என்று சொல்ல நாம் யார்? வருஷத்தில் ஒரு நாள் வேறு இடத்தில் வேறு ஒருத்தியாக நிற்க அவளுக்கு உரிமை இருக்கிறது. உழைப்பின் இடத்தில் ஒருவரை அடையாளமாக்கி ஆணியடிப்பது, ஊட்டிக்கு அழைத்துப் போவதைவிடக் குரூரமாகவும் ஆகலாம். நம் எரிச்சலில் அவள் பட்ட பாட்டுக்கு இடமில்லாமல் போனது தற்செயல் இல்லை. பச்சையை அவள் விரும்புவது பொய்ப்பிரக்ஞை என்று தள்ளிவிடுகிற சௌகரியம் நமக்கு இருக்கிறது. அவளுக்குக் கிடைத்த திரைச்சீலை அது, அவ்வளவுதான்.

எனவே இடத்தை விதியாகச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. படமெடுப்பவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலை முடிந்து நீங்கள் சும்மா நிற்கிற இடம் எது? கிணற்று மேடாக இருக்கலாம், பஸ் நிறுத்தத்து வேம்பாக இருக்கலாம், மாமியார் இல்லாத நேரத்து மொட்டைமாடியாக இருக்கலாம். அந்த இடத்தைச் சொல்ல அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த யோசனை முகத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.