தண்ணீர்க் குடமும் மறையுரை மேடையும்

மறைபரப்பு நாடுகளைக் குறித்து நாம் படித்து வளர்ந்த நூல்களில் மறையுரைகள் உண்டு, திருமுழுக்குகள் உண்டு, மறைசாட்சியரின் குருதியும் உண்டு. ஆனால் அந்நாடுகளில் விடியற்காலையில் அடுப்பு மூட்டியவர் யார், குடிநீர் சுமந்து வந்தவர் யார் என்ற வினாவுக்கு அவற்றில் விடை காண்பது அரிது. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா கிங்சால்வர் 1998-இல் வெளியிட்ட ‘தி பாய்சன்வுட் பைபிள்’ என்னும் புதினம் அந்த வினாவை விட்டு அகலாமல் நிற்கிறது. அதனாலேயே அது நம் கவனத்திற்குரியது.

1959-இல் ஜார்ஜியா மாநிலத்துப் பெத்லகேம் என்னும் ஊரிலிருந்து நேத்தன் பிரைஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர், தம் மனைவி ஒர்லியானாவையும் நான்கு புதல்வியரையும் அழைத்துக்கொண்டு, பெல்ஜியக் காங்கோவின் கிலாங்கா என்னும் சிற்றூருக்கு வருகிறார். கதை சொல்பவர்கள் அந்த ஐந்து பெண்களே. போதகருக்கென ஓர் அத்தியாயமும் இல்லை.

அப்பெண்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது? ஆற்றிலிருந்து நீர் கொணர வேண்டும். அதைக் கொதிக்க வைக்காமல் ஒரு மிடறும் பருக இயலாது. கொதிக்க வைக்க விறகு வேண்டும். வீட்டிற்குப் பின்னால் தனியே நிற்கும் குடிலில் இரும்பு அடுப்போடு போராட வேண்டும். ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தையில், தெரியாத மொழியில் விலை பேச வேண்டும். மலேரியாவைத் தடுக்கும் குவினைன் மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கினார்களா என்று பார்க்க வேண்டும். ஐந்து வயதுக் கடைக்குட்டி ரூத் மே, கசப்புத் தாங்காமல் அம்மாத்திரைகளை ஒளித்துவைத்துச் சுவரில் ஒட்டி வருகிறாள். பிறந்தநாளுக்கென ஊரிலிருந்து கொண்டுவந்த கேக் மாவோ காங்கோவின் ஈரக்காற்றில் கல்லாய் இறுகிப்போகிறது. முதலில் மாமா டட்டாபா என்ற உள்ளூர்ப் பெண்ணும், பின்னர் நெல்சன் என்ற அநாதைச் சிறுவனும் துணை நிற்கிறார்கள். இவர்கள் இல்லையேல் அக்குடும்பம் நெடுநாள் தாங்கியிராது.

இந்த அன்றாட உழைப்பைப் போதகர் கண்டும் காணாதவராய் இருப்பதில்தான் அவரது வீழ்ச்சி தொடங்குகிறது. அவர் தோட்டம் போடுகிறார். மேடு கட்டி விதைக்க வேண்டும் என்று மாமா டட்டாபா காட்டித் தருகிறார். போதகர் அம்மேடுகளைச் சமன் செய்துவிடுகிறார். மழை வந்து விதைகளை அள்ளிச் செல்கிறது. பின்னர் மேடு கட்டியும் பயனில்லை. செடி தழைக்கிறது, பூக்கிறது, காய்க்கவில்லை. அந்த அயல்நாட்டுப் பூவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி அம்மண்ணில் இல்லை. முதலை வாழும் ஆற்றில் குழந்தைகளை மூழ்கச் சொல்கிறாரே என்று ஊரார் அஞ்சுவதும் அவருக்கு நெடுநாள் விளங்கவில்லை. இயேசு அருமையானவர் என்று அவர் முழங்கும்போது, உச்சரிப்புப் பிழையால் இயேசு நச்சுமரம் என்று ஊரார் செவியில் விழுகிறது. நூலின் பெயரே அதிலிருந்து பிறந்தது. மொழியைக் கற்பது அன்பின் முதற்பணி என்பதை, 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேற்றிய அண்டிரிக் அடிகளாரை அறிந்த நமக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாறாக இருவரை ஆசிரியர் நிறுத்துகிறார். தீயில் கால்களை இழந்து கைகளால் நடக்கும் மாமா முவான்சா, தம் வறுமையிலும் போதகர் குடும்பத்திற்கு ஆரஞ்சுப் பழங்கள் தருகிறார். கிலாங்காவில் முன்பு பணியாற்றிய சகோதரர் ஃபவுல்ஸ், தம் காங்கோ மனைவியோடும் மக்களோடும் படகில் வந்து மருந்தும் நூல்களும் கொடுத்துச் செல்கிறார். அவருடைய பணியில் எது சில்லறை வேலை, எது நற்செய்தி அறிவிப்பு என்று பிரித்துச் சொல்ல இயலாது. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ‘எவாஞ்செலீ நுன்சியாந்தி’ மடலும் வாழ்வின் சான்றுக்கே முதலிடம் தருகிறது.

கத்தோலிக்க வாசகருக்கு இந்நூலில் மற்றொரு வியப்பும் காத்திருக்கிறது. இதன் பெரும்பகுதிகள் திருநூற்பெயர்களைத் தாங்கியவை. அவற்றுள் இரண்டு, பிரிந்த சகோதரர்கள் ஏற்காததும் நாம் ஏற்பதுமான தானியேல் நூலின் இணைப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை. பேல் கோயிலின் தரையில் தானியேல் சாம்பல் தூவிக் கள்ளக் குருக்களின் கால்தடத்தைக் காட்டிக்கொடுத்தது போலவே, இங்குப் பிள்ளைகள் கோழிக்கூட்டில் சாம்பல் தூவுகின்றனர். மறுநாள் காலை, 1961 சனவரி 17 அன்று, அக்கூட்டில் வைக்கப்பட்ட பாம்பு ரூத் மேயைத் தீண்டுகிறது. காங்கோவின் முதல் தலைமை அமைச்சர் லுமும்பா கொலையுண்ட நாளும் அதுவே. தாய் அழுது முடித்து, வீட்டுப் பொருள்களை எல்லாம் வெளியே சுமந்து வந்து ஊராருக்கு ஈந்துவிட்டு, எஞ்சிய புதல்வியரோடு நடக்கத் தொடங்குகிறாள். ஓயாமல் வேலை செய்த கைகளுக்கு அவ்வீட்டில் அதுவே கடைசி வேலை. நூலின் உச்சம் இந்தப் பகுதிதான்.

எனினும் குறை சொல்லாமல் விட இயலாது. நேத்தன், இரண்டாம் உலகப் போரில் பட்டான் களத்தில் தம் படைப்பிரிவு அழிய, தாம் மட்டும் பிழைத்த குற்றவுணர்வால் கல்லானவர். இதை அவர் மனைவியின் வாய்மொழியாகவே அறிகிறோம். அவருடைய மன்றாட்டு ஒன்றையேனும் அவர் குரலிலேயே கேட்டிருந்தால், அவரை வெறுப்பது நமக்கு இவ்வளவு எளிதாக இருந்திராது. காங்கோ மக்களுள்ளும் ஒருவருக்கும் கதை சொல்லும் உரிமை தரப்படவில்லை. பிறரைப் பேசவிடாத போதகரைக் கண்டிக்கும் நூல், தானும் அதையே ஓரளவு செய்கிறது.

இதனால் ஒரு முதன்மையான உண்மை நழுவிப்போகிறது. அதே நாட்டில், 1964 டிசம்பர் 1 அன்று, படைத்தலைவன் ஒருவனின் இச்சைக்கு இணங்க மறுத்துக் கொல்லப்பட்ட அருள்சகோதரி அனுவாரித்தே நெங்கப்பேத்தாவை, 1985-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கின்சாசா நகரில் அருளாளராக உயர்த்தினார். நேத்தனின் அவரைச் செடி காய்க்கவில்லை. ஆனால் நற்செய்தி அம்மண்ணில் காய்த்தது. அம்மண்ணின் மக்களே அதைத் தமதாக்கிக்கொண்டபோது காய்த்தது. புதினம் சொல்லாமல் விட்ட இந்தப் பாதியை வாசகர் தாமே சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆயினும் இந்நூல் நம்மை நோக்கி எழுப்பும் வினா கூர்மையானது. நம் பங்குகளிலும் தியானங்களும் திருவிழாக்களும் சிறப்புற நடக்கின்றன. அவற்றிற்குத் தண்ணீர் சுமந்தவர்கள் மறையுரையின்போது எங்கே இருந்தார்கள்? மார்த்தாவிடம் ஆண்டவர் கனிவோடு பேசினார். நாமோ அவளது கையிலிருந்த குடத்தை வாங்கவும் இல்லை. அவள் அமர்ந்து கேட்க இடம் விடவும் இல்லை.