பீரங்கியும் கூப்பனும்: கிழக்கிலங்கையின் போர்க்கால நினைவுகள் குறித்து ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போரின் எச்சங்களைக் கிழக்கிலங்கையிற் காண விழைவோர் முதலிற் செல்லுமிடம் திருகோணமலையாகும். கடற்படைத் தளத்தினுள் அமைந்த ஹூட் கோபுர அரும்பொருளகத்திற் பீரங்கிகள் காட்சிக்குள்ளன. நிலாவெளி வீதியிலே பொதுநலவாயப் போர்க்கல்லறைகள் ஆணைக்குழு பேணிவரும் மயானம் இருக்கின்றது. தெற்கே, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலடியில், 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. அதனோடு மாண்டோர் 307 பேர். அவர்கள் நினைவுகூரப்படுதல் நியாயமே. ஆயின் இச்சின்னங்கள் ஒருங்கே தீட்டும் சித்திரத்தில், அக்காலத்தே கரையில் வாழ்ந்த மக்கள் எங்கே என்னும் வினா எழாமல் இல்லை.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய ஊர்கள் அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலே தான். இவ்வூர்களின் உழவரும் நெசவாளரும் மீனவரும் போரைச் சந்தித்த இடம் போர்க்களமன்று, அடுப்படி. இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேல் இறக்குமதியையே நம்பியிருந்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் றங்கூன் வீழ்ந்ததும் அவ்வழி அடைபட்டது. அவ்வாண்டிலேயே அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பங்கீட்டை மக்களிடம் சேர்க்கக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் விரைந்து பெருகின. 'கூப்பன்', 'சங்கக்கடை' என்னும் சொற்கள் நம்மவர் பேச்சில் வேரூன்றியதும், அரிசி உண்டு பழகிய வீடுகளிற் கோதுமை மா இடம்பிடித்ததும் இக்காலச் சூழலினாலேயே.

இங்கு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இக்கரையோரம் அரிசியை வாங்கியுண்ணும் பிரதேசம் மட்டுமன்று. நெல்லை மிகுதியாக விளைவித்த பிரதேசமுமாகும். போர்க்கால அரசாங்கம் விளைச்சலில் ஒரு பகுதியைத் தான் விதித்த விலைக்குக் கொள்வனவு செய்தது. ஆகவே ஒரே ஊரில், ஒருவன் கூப்பனோடு வரிசையில் நிற்க, மற்றொருவன் களத்து நெல்லை அரசாங்கத்துக்கு அளந்து கொடுத்தான். வயலுக்குரிய போடியாரும், அவர் வயலிற் கூலிக்கு உழைத்தவனும், தறிக்குழியில் இருந்த நெசவாளனும் ஒரே போரை ஒரே விதமாக அனுபவித்தனர் என்பது சமூக வரலாறு அறியாதார் கூற்று. பீரங்கியொன்றைப் பார்த்து இவ்வேறுபாட்டை உணர முடியாது. ஒரு கூப்பன் புத்தகத்தையும் ஒரு சங்கக்கடைப் பேரேட்டையும் அருகருகே வைத்தால் அதில் ஓரளவேனும் புலப்படும்.

படைக்கலங்களுக்குப் பேணுவதற்குரிய நிறுவனங்கள் உண்டு; அவை இரும்பாலானவையும் கூட. கூப்பனோ முடிந்ததும் வீசப்பட்ட தாள். எஞ்சியிருக்கக்கூடியவற்றுள்ளும் 1978 நவம்பர்ச் சூறாவளியும், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழித்த 2004 டிசம்பர் 26ஆந் திகதியின் ஆழிப்பேரலையும் எவ்வளவைக் கொண்டுபோயின என்பதை ஊகிக்கலாம். எஞ்சிய பொருள்களைக் கொண்டே நினைவு கட்டப்படுமாயின், வறியோர் நினைவு இயல்பாகவே விடுபட்டுப்போகும். இங்கிலாந்தின் அரும்பொருளகங்கள் பங்கீட்டுப் புத்தகத்தையும் நச்சுவாயு முகமூடியையும் இருட்டடிப்புத் திரையையும் போர்ச் சின்னங்களாகவே காட்சிக்கு வைக்கின்றன. ஆளும் நாட்டின் குடிமக்களுக்கு உரித்தான அம்மதிப்பு, ஆளப்பட்ட நாட்டின் குடிமக்களுக்கு அளிக்கப்படவில்லை. சுதந்திரத்தின் பின் நாமும் அதைத் தேடிக்கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இத்தனைக்கும் போர் முடிவுற்றதோடு கூப்பன் மறையவில்லை. 1953இல் மானிய அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மூண்டெழுந்ததே அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால். பங்கீட்டு முறை 1979இல் உணவு முத்திரைத் திட்டத்துக்கு இடங்கொடுக்கும்வரை, உலகப் போரின் ஏற்பாடொன்று நமது அரசியலின் நடுவே நின்றது. ஹேர்மிஸைப் பற்றிக் கூறுவோர் இதனைக் கூறாது விடுவது விந்தையே.

பொதுமக்கள் தாமே பேணும் நினைவு எத்தகையதாக இருக்கும் என்பதற்கு வடக்கே காத்தான்குடியிற் சான்றுண்டு. வேறொரு போரின்போது, 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்ட மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் துப்பாக்கிச் சூட்டின் துளைகள் மூடப்படாமல் விடப்பட்டுள்ளன. அங்கே காட்டப்படுவது சுட்ட துப்பாக்கியன்று. குண்டு பட்ட சுவர்.

கல்முனைக் கரையோரத்துக்கு ஒரு போர்க்கால அரும்பொருட்காட்சி அமைக்கப்படுமாயின், அதன் முதற் பேழையில் வைக்கத்தக்கவை சங்கக்கடையின் கொத்தும், பெயர் பதிந்த பேரேடும், எவருடைய பெட்டியிலேனும் தப்பிக் கிடக்கும் ஒரு கூப்பன் புத்தகமுமே. பழைய கூட்டுறவுச் சங்கங்களின் அலுமாரிகளை, கறையான் முந்துமுன், நமது மாணவர் திறந்து பார்க்கட்டும்.