போர்க் கடவுளர் இருவர்

தெலுக் பங்லிமா காராங் என்னும் சிலாங்கூர் ஊர்ப்பெயரில் ‘பங்லிமா’ படைத்தலைவனையும் ‘காராங்’ கடுஞ்சினத்தையும் குறிக்கும் மலாய்ச் சொற்கள். கடுஞ்சினமே உருவான படைத்தலைவன் என்னும் எண்ணம் கிரேக்கரிடத்தில் கடவுள் வடிவம் பெற்றது. அக்கடவுளே ஏரீஸ். அவனைக் ‘கிரேக்கரின் முருகன்’ என்று எழுதிவிடுதல் எளிது. அவ்வொப்புமை பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஹோமரின் ‘இலியட்’ ஐந்தாம் காண்டத்தில், டயோமெடீஸ் என்னும் மானிட வீரன் அதீனாவின் துணையோடு ஏரீசைக் காயப்படுத்துகிறான். ஒன்பதினாயிரவர், பதினாயிரவர் ஒருங்கே ஆர்ப்பரித்தாற்போல் அலறிய ஏரீஸ், தந்தை சியூசிடம் ஓடி முறையிடுகிறான். தந்தையோ, ஒலிம்பசுத் தேவர்களுள் தான் மிகவும் வெறுப்பது அவனையே எனக் கடிகிறான். மகனாதலின் காயத்தை மட்டும் ஆற்றுவிக்கிறான். ‘ஒடிசி’ எட்டாம் காண்டத்திலோ, அப்ரோடைட்டியோடு வலையில் சிக்கித் தேவர்களின் நகைப்புக்கு ஆளாகிறான். போரைப் பாடிய காவியம் போர்க் கடவுளைப் போற்றவில்லை.

முருகன் நிலை வேறு. தொல்காப்பியம் சேயோனைக் குறிஞ்சித் தெய்வமாக்கியது; குறிஞ்சியின் உரிப்பொருளோ புணர்தல். திருமுருகாற்றுப்படையில் ஆறு முகங்களுள் ஒன்றே களவேள்வி வேட்கிறது. ஏனையவற்றுள் நான்கு ஒளி தரவும், வரம் ஈயவும், வேள்வி காக்கவும், மறைபொருள் விளக்கவும் அமைந்தன. எஞ்சிய ஒன்று வள்ளியோடு நகைக்கிறது. ஏரீசின் காதல் நகைப்புக்கு இடமாயிற்று. முருகன் காதல் வழிபாட்டுக்கு உரியதாயிற்று. ஏரீசுக்குப் போரே முழு இயல்பு; முருகனுக்கு அது ஆறில் ஒரு கூறு.

இதனால் தமிழர் போரை வெறுத்தவர் எனத் துணிதல் தவறு. புறநானூறு வெற்றியைக் கொண்டாடுகிறது. கலிங்கத்துப்பரணி பேய்கள் கூழடும் களத்தை விரித்துரைக்கிறது. ஏரீசின் குருதி வேட்கைக்குத் தமிழில் நிகர் தேடுவோர் வேலனிடம் அன்று, அப்பரணிக் களத்திலேயே தேடுதல் வேண்டும்.

எனினும் கண்டனக் குரல் தமிழில் இல்லாமற் போகவில்லை. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியையும், உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளியையும் நோக்கி, எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே எனக் கோவூர்கிழார் இடித்துரைத்தார். காவியத்தில் சியூஸ் ஆற்றிய பணியைத் தமிழகத்தில் புலவர் ஆற்றினார். ஹோமர் போர்வெறியின் பழியைக் கடவுள்மேல் ஏற்றினார். கோவூர்கிழார் அதனை மன்னர்மேல் வைத்தார்.

பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் வேல் ஏந்தியே நிற்கிறது. அதன்முன் நிற்பவர் பகைவரின் அழிவை வேண்டுவதில்லை. நோய் நீங்கவும் மக்கள் நலம் பெறவும் நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். படைக்கலம் ஒன்றாயிருத்தலால் கடவுளரும் ஒருவராகார். இவ்வேற்றுமையை உணர்த்தும்போதே ஒப்பியல் கல்வி பயனுடையதாகும்.