ரவுட்டர் டப்பா சொல்லாத கணக்கு

திருப்பூரில் டையிங், காம்பேக்டிங் முடிந்து வரும் துணியின் ஜிஎஸ்எம்மை யாரும் வாய்வார்த்தையாக ஒத்துக்கொள்வதில்லை. வட்டக் கட்டரை வைத்து 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, தராசில் போட்டு, வருகிற கிராமை 100-ஆல் பெருக்கிப் பார்ப்பார்கள். துவைத்துக் காயப்போட்டு எவ்வளவு சுருங்குகிறது என்றும் அளப்பார்கள். அதே ஆள் வீட்டுக்கு வைஃபை ரவுட்டர் வாங்கப் போனால், டப்பாவில் போட்டிருக்கிற நம்பரை மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறார். குறை அவர் மேல் இல்லை. வாங்கும் முன் அவர் பார்க்கிற 'டாப் 5' வீடியோக்களும் கட்டுரைகளும் அந்த நம்பரையே சத்தமாகத் திருப்பிச் சொல்கின்றன. இந்தக் குறிப்பு அந்த விமர்சனங்களைப் பற்றியது.

முதலில் அந்த நம்பர். 'ஏசி1200' என்றால் 1200 எம்பிபிஎஸ் வேகம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேல்நோக்கி முழுதாக்கியது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதோ ஒன்றில்தான் சேரும். அந்த 867-ம் ஏட்டுக் கணக்குதான். பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறைவு. இன்னொன்று, விலை குறைந்த ஏசி1200 மாடல்கள் பலவற்றில் பின்பக்க போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 150 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் 95-ஐத் தாண்டாது. போர்ட் கிகாபிட்டா என்பதை டப்பாவில் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஆண்டெனா எத்தனை என்று எண்ணிச் சொல்லும் விமர்சகர் இதைச் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய குறை, சோதிக்கும் இடம். ஏசி அறை, நிற்காத கரண்ட், ரவுட்டருக்கு நாலடி தள்ளி ஒரு போன், அதில் ஸ்பீட் டெஸ்ட். நம்ம ஊரில் நிறைய பேருக்கு வீடும் யூனிட்டும் ஒரே கட்டடம். கீழே ஓவர்லாக், பேட்லாக் ஓடும், மேலே குடித்தனம். பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் நடக்கிற அதே லைனில்தான் இ-வே பில்லும் போட வேண்டும். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் அது இல்லாமல் வண்டி கிளம்ப முடியாது. இங்கே ரவுட்டர் நிற்பது என்றால் படம் பாதியில் நிற்பது இல்லைங்க, லாரி வாசலில் நிற்பது. 'போன் டேட்டா இருக்கே' என்று சொல்லலாம். கரண்ட் போன நேரத்தில் தெருவே அந்த டவரைத்தான் பிடிக்கிறது.

சரி, அப்ப எதைத்தான் சோதிப்பது?

முதலில் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். ஃபைபரில் ஒரு நல்ல விஷயம் உண்டு: ஜிபான் லைனில் ஆபரேட்டர் அறைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே உள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அவர் பக்கம் பேட்டரி இருந்து, உங்கள் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் லைன் நிற்காது. ஆனால் கம்பத்திலோ மாடியிலோ ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் வயர் இழுத்திருந்தால், அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் போனதும் எல்லாம் போச்சு. எவ்வளவு விலை கொடுத்து ரவுட்டர் வாங்கியும் பயனில்லை. ரவுட்டர் கடைக்குப் போகும் முன் கேபிள்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அதே மாதிரி, ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் கோளாறு லைனில். ரவுட்டரை மாற்றுவது வீண் செலவு.

இரண்டாவது, சுவரும் பஞ்சும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது 2.4-ஐவிட அதிகமாகத் தேய்ந்துபோகும். மேல்மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று ஆறு ஆண்டெனா ரவுட்டர் வாங்குவதைவிட, ஒரு லேன் வயர் இழுத்து மேலே இன்னொரு சின்ன ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக வைப்பது நம்பகமானது. வீட்டு ரவுட்டர்களுக்குப் பொதுவாக ஃபேன் கிடையாது. சூடு வெளியேறுவது அந்தத் துளைகள் வழியாகத்தான். தையல் ரூமில் வைத்தால் பஞ்சு அதை மூடிவிடும். எந்த விமர்சனமும் இதைப் பேசிப் பார்த்ததில்லை.

மூன்றாவது, அப்டேட். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடங்களை ஒரு மால்வேர் தாக்கியது. கம்பெனி வைத்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றாத மோடங்கள் அதில் மாட்டின. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி நிறுவனம் கேட்டுக்கொண்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்று விற்கவே கூடாது. பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்பதையும் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். பிரிட்டன் பையருக்கு டீ-ஷர்ட்டில் வாஷ்கேர் லேபிள் தைத்து அனுப்புகிற ஊர் இது. இங்கே கடையில் நான் புரட்டிப் பார்த்த ரவுட்டர் டப்பாக்களில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அப்டேட் நின்றுபோன ரவுட்டர், விளக்கு எரிந்தாலும் பழுதானதுதான்.

ஸ்பீட் டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிகாபிட் பிளான் போட்டவருக்கு அது தேவை. ஆனால் அது சாம்பிள் பீஸைப் பார்த்து ஆர்டர் கொடுப்பது மாதிரி. பல்க் எப்படி வரும் என்று சொல்லாது. விமர்சகர்கள் ஒரு ரவுட்டரையாவது ஆறு மாதம் ஓட்டி, எத்தனை முறை அணைத்துப் போட வேண்டியிருந்தது, எத்தனை அப்டேட் வந்தது, கரண்ட் வந்ததும் தானாக லைன் பிடித்ததா என்ற மூன்றையும் எழுதட்டும். அதுவரை வாங்குகிறவர் நாலு கேள்வி கேட்டால் போதும்: போர்ட் கிகாபிட்டா, அடாப்டர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் (யூபிஎஸ் அதற்குப் பொருந்த வேண்டும்), கம்பெனி தளத்தில் இந்த மாடலுக்குக் கடைசி அப்டேட் எந்த மாதம், வாரண்டிக்கு உள்ளூரிலேயே மாற்றித் தருவார்களா. நாலுக்கும் பதில் சொல்லும் 2,000 ரூபாய் ரவுட்டர், ஒன்றுக்கும் பதில் இல்லாத 8,000 ரூபாய் ரவுட்டரைவிட மேல்.