வெடி வைக்கும் ஊரில் மோப்ப நாய்

நெய்வேலியில் வெடிமருந்து அன்றாட வேலைக்கான பொருள். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் அவ்வளவு இறுகியது. துளையிட்டு வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் அதை வெட்டுகின்றன. இப்படிப்பட்ட ஊரில், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை காவல் நிற்கும் சுரங்கங்களில், வெடிபொருளை அதன் ஆவியையும் துகளையும் கொண்டு நாயாலும் கருவியாலும் கண்டுபிடிக்கும் முறையை எவ்வளவு நம்பலாம்? தேடுவதற்கு நிறையவே நம்பலாம். ஒருவர்மேல் குற்றம் சாட்ட, அதை மட்டும் நம்பவே கூடாது.

முதலில் அதன் வலிமை. ஆர்.டி.எக்ஸ். என்னும் வெடிபொருள் ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. சாதாரண வெப்பத்தில் லட்சம் கோடி பங்கு காற்றில் சில பங்குதான் கலந்திருக்கும். டி.என்.டி. நூறு கோடிக்குச் சில பங்கு. அப்படியானால் நாய் எதை முகர்கிறது? பெரும்பாலும் கூட வரும் வாசனைகளை: ஆர்.டி.எக்ஸ். தயாரிப்பில் எஞ்சிய சைக்ளோஹெக்சனோன் என்னும் கரைப்பானை, டி.என்.டி.யில் கலந்திருந்து அதைவிட எளிதில் ஆவியாகும் டைநைட்ரோ டொலுவீனை. லாக்கர்பி விமானத் தகர்ப்புக்குப் பின், 1991 மார்ச்சில் மான்ட்ரியலில் கையெழுத்தான உடன்பாடு, பிளாஸ்டிக் வெடிபொருளில் எளிதில் ஆவியாகும் அடையாளப் பொருளைச் சேர்க்கச் சொன்னதும் இப்படி வாசனையால் கண்டுபிடிப்பதற்காகவே. ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட ஆலை மட்டுமே அதைச் சேர்க்கும். வீட்டுக் கலவையில் அது இருக்காது.

நாய் செய்யும் வேலையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. காற்றில் வாசனை கூடும் திசையைப் பிடித்து மூலத்துக்கே போய் நிற்கிறது. வெடிபொருளைக் கண்டறியும் கையடக்கக் கருவியால் அது ஆகாது. எந்தப் பையை, எந்தக் கைப்பிடியைத் துணியால் துடைத்துக் கருவிக்குள் வைப்பது என்பதை மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆனால் நாய் தன் பயிற்றுநரையும் கவனிக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 18 நாய்–பயிற்றுநர் இணைகள் எந்த வாசனையும் வைக்கப்படாத அறைகளில் தேடின. வாசனை இருக்கலாம் என்று பயிற்றுநர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தனர். 144 தேடல்களில் பிழையின்றி முடிந்தவை 21 மட்டுமே. இது நாயின் மூக்கில் உள்ள கோளாறு அல்ல. சோதனையை அமைப்பதில் உள்ள கோளாறு. நெய்வேலியின் கத்திரி வெயிலும் சேர்ந்துகொள்கிறது: நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயால் நன்றாக முகர முடியாது.

கருவியின் சிக்கல் வேறு. அயனி நகர்வுக் கருவி சில நொடிகளில் பதில் சொல்லும். அது தவறாகச் சொல்வதைவிட, சரியாகச் சொல்லிவிடுவதே இந்த ஊரில் ஆபத்து. துளைகளில் மருந்து நிரப்பிய தொழிலாளியின் சட்டையில் அம்மோனியம் நைட்ரேட் துகள் இருக்கத்தான் செய்யும். அவர் உட்கார்ந்து வந்த பேருந்து இருக்கையிலிருந்து அது அடுத்தவர் துணிக்கும் போகும். கிணறு வெட்டத் தோட்டா வைத்தவர் கையிலும் தடயம் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மருந்து எடுக்கும் முதியவரும் கருவியை மணியடிக்க வைக்கலாம். பொருள் இருப்பதைக் கருவி சொல்லும். அது எப்படி வந்தது என்று சொல்லாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒன்றும் ஒளித்துவைக்கப்படாத இடங்களிலும் நாய்களைத் தேடவிட வேண்டும். அது பயிற்றுநருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. வெடி வைக்கும் குழுவினரின் உடைகளிலும் வாகனங்களிலும் இயல்பாக எவ்வளவு தடயம் படிகிறது என்று அளந்து வைக்க வேண்டும். வெடிமருந்துக் கிடங்கின் இருப்புப் பதிவேட்டை ஒழுங்காகச் சரிபார்த்தால், காணாமல்போன தோட்டாவை நாய்க்கு முன்பே கணக்கு காட்டிவிடும். சுரங்க வாயிலில் கருவியின் மணி அடித்தால், ஆய்வக முடிவு வரட்டும். அதுவரை அங்கே நிறுத்தப்பட்ட தொழிலாளியைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது; காத்திருந்த நேரத்துக்கான கூலியையும் பிடிக்கக் கூடாது.